கணக்காயர் லூக்கா பாச்சியோலி

இத்தாலி நாட்டின் நடுப்பகுதியில், டைபர் ஆறு சிற்றாறாய் நடை பயிலும் மேற்பள்ளத்தாக்கில், சான்செபோல்குரோ என்னும் ஊர் அமைந்துள்ளது. வணிகரும் கைவினைஞரும் மிகுதியாக வாழ்ந்த அவ்வூரில், ஏறத்தாழக் கி.பி. 1447-ஆம் ஆண்டில், பார்த்தலோமியோ என்பவரின் மைந்தராய்ப் பிறந்தவர் லூக்கா பாச்சியோலி. அவர் பிறந்த குடி பெருஞ்செல்வக் குடியன்று. பெயர் பெற்ற குடியுமன்று. இளமையில் அவர் அவ்வூரில் வாழ்ந்த பெல்போல்ச்சி என்னும் குடும்பத்தாரின் இல்லத்தில் வளர்ந்தார். பொருளும் உறவின் துணையும் குறைந்த அச்சிறுவர், கணக்கு ஒன்றையே கைப்பொருளாகக் கொண்டு புறப்பட்டு, மன்னரும் திருத்தந்தையரும் மதிக்கும் நிலையை எய்திய வரலாறு நாம் அறிந்துகொள்ளத் தக்கதாகும்.

அக்காலத்து இத்தாலியில் கல்வி இரு கிளைகளாகப் பிரிந்து நின்றது. ஒன்று இலத்தீன் மொழிவழிக் கல்வி. சமயம், சட்டம், மருத்துவம் ஆகிய துறைகளை நாடுவோர் அதனைப் பயின்றனர். கற்றோர் எனப் பெயர் பெற்றவர் அவர்களே. மற்றொன்று வணிகர் பிள்ளைகளுக்குரிய கணக்குப் பள்ளிக் கல்வி. அங்கே பாடம் நாட்டு மொழியிலேயே நடந்தது. எண்ணும் அளவையும், வட்டியும், கூட்டு வணிகத்தில் பங்கு பிரித்தலும், ஓர் ஊர் நாணயத்தை மற்றோர் ஊர் நாணயமாக மாற்றுதலும் அங்குக் கற்பிக்கப்பட்டன. அப்பள்ளிகளில் வழங்கிய எண்கள் நம் நாட்டில் தோன்றி, அரபு மக்கள் வாயிலாக மேலைநாடு சென்றவை. பைசா நகரத்து லியனார்டோ என்னும் அறிஞர் 1202-ஆம் ஆண்டிலேயே தம் நூலில் அவ்வெண்களின் பயனை விளக்கியிருந்தார். உரோமானிய எழுத்தெண்களைக் கொண்டு ஒரு பெருக்கற் கணக்கையேனும் செய்து பார்த்தவர்க்குச் சுழியத்தின் அருமை உடனே விளங்கும்! கணக்குப் பள்ளிக் கல்வி பயன் மிக்கதாயினும், கற்றோர் அவையில் அதற்கு மதிப்பில்லை. பாச்சியோலி முதற்கண் கற்றது இக்கல்வியே.

பதினெட்டு வயதளவில் அவர் வெனிசு நகரை அடைந்தார். கீழ்நாட்டுச் சரக்குகள் ஐரோப்பாவிற்குள் நுழையும் தலைவாயிலாக அந்நகரம் அந்நாளில் விளங்கியது. மலையாளக் கரையில் விளைந்த மிளகு, செங்கடல் வழியே அலெக்சாண்டிரியாவை அடைந்து, அங்கிருந்து வெனிசு நகரத்துக் கப்பல்களில் ஏறி வந்து குவிந்தது. அந்நகரில் ரொம்பியாசி என்னும் வணிகரின் இல்லத்தில் பாச்சியோலி பணியில் அமர்ந்தார். வணிகரின் புதல்வர் மூவருக்கும் கணக்குக் கற்பித்தலோடு, வணிகத்திலும் உடனிருந்து உதவினார். கூலம் அளக்குமிடத்தும், கடன் தீர்க்குமிடத்தும், கணக்கேட்டில் எழுதுமிடத்தும் அவர் கண்டவை பிற்காலத்தில் அவர் எழுதிய நூலுக்கு வித்தாயின.

பணியில் அமர்ந்தோர் பலர் அத்துடன் கல்வியை முடித்துக்கொள்வர். பாச்சியோலி அவ்வாறு செய்தாரல்லர். வெனிசு நகரின் ரியால்டோப் பகுதியில் அரசின் ஆதரவில் நடந்துவந்த பள்ளியில், தொமேனிக்கோ பிரகதீனோ என்னும் ஆசிரியரிடம் கணிதம் பயின்றார். ஒரே காலத்தில் ஓரிடத்தில் ஆசிரியராகவும் மற்றோரிடத்தில் மாணவராகவும் அவர் இருந்தார். 1470-ஆம் ஆண்டில் தம் மாணவர் மூவருக்காகவும் ஒரு கணக்கு நூல் எழுதினார். அந்நூல் இன்று கிடைத்திலது. எனினும், தாம் கற்றதைப் பிறர் கற்குமாறு எழுதிவைக்கும் வழக்கம் இருபத்து மூன்றாம் வயதிலேயே அவரிடம் வேரூன்றியிருந்தமை இதனால் புலனாகும்.

பின்னர் அவர் உரோமை நகர் சென்று, லியோன் பத்திஸ்தா ஆல்பெர்ட்டி என்னும் பெரியாரின் இல்லத்தில் சில திங்கள் தங்கினார். ஆல்பெர்ட்டி கட்டடக் கலையில் வல்லவர். ஓவிய நூல் எழுதியவர். இலத்தீன் புலமையும் நாட்டு மொழிப் பற்றும் ஒருங்கே உடையவர். கணக்குப் பள்ளியில் பயின்று வந்த இளைஞர்க்கு அவரது நட்பு கற்றோர் உலகின் கதவைத் திறந்தது. 1472-ஆம் ஆண்டில் ஆல்பெர்ட்டி மறைந்தார். அதனையடுத்த சில ஆண்டுகளுள் பாச்சியோலி பிரான்சிஸ்கன் துறவியர் கூட்டத்தில் சேர்ந்தார். உலகைத் துறந்தாரேனும் கணக்கைத் துறந்தாரல்லர். 1477-ஆம் ஆண்டில் பெருஜியா நகரப் பல்கலைக்கழகத்தில் கணித ஆசிரியராக அமர்ந்து, மறு ஆண்டே தம் மாணவர்க்கென ஒரு பெரிய பாடநூலை எழுதி முடித்தார். அதன் கையெழுத்துப் படி இன்றும் உள்ளது. அதன்பின் சாரா, உரோமை, நேப்பிள்சு என ஊர்தோறும் சென்று கற்பித்தார்.

பண்டைத் தமிழில் கணக்காயர் என்னும் சொல் ஆசிரியரையே குறித்து வழங்கியது. கணக்கரும் ஆசிரியரும் ஒருவராகவே திகழ்ந்த பாச்சியோலிக்கு அச்சொல் எத்துணைப் பொருத்தமானது!

புகழ் வளருமிடத்துப் பொறாமையும் உடன் வளர்தல் உலகியல்பு. திருத்தந்தையிடமிருந்து அவர் சில தனியுரிமைகளைப் பெற்றிருந்தார். 1489-ஆம் ஆண்டில் சொந்த ஊர் திரும்பியபோது, அவ்வூர்த் துறவியர் சிலர் அதனைப் பொறாராயினர். அதன் விளைவாக, அவ்வூர் இளைஞர்க்குக் கற்பித்தலாகாது என்று 1491-ஆம் ஆண்டில் அவர்க்குத் தடை விதிக்கப்பட்டது. பிறந்த ஊரிலேயே வாய் கட்டப்பட்ட ஆசிரியரின் மனநிலை எவ்வாறு இருந்திருக்குமென நாம் எண்ணிப் பார்க்கலாம். ஆனால், இரண்டாண்டுகளுக்குள் அவ்வூராரே அவரைத் தவக்காலச் சமயச் சொற்பொழிவு ஆற்றுமாறு அழைத்தனர். அவரும் மனங்கோணாது சென்று உரையாற்றினார். அக்காலத்திலேயே, தம் இருபது ஆண்டு உழைப்பின் பயனான பெருநூலையும் அவர் முடிக்கும் நிலையில் இருந்தார்.

அப்பெருநூல் 1494-ஆம் ஆண்டில் வெனிசு நகரில், பகனீனோ தே பகனீனி என்பவரின் அச்சகத்தில் அச்சாயிற்று. எண்கணிதம், வடிவ கணிதம், விகிதம், விகிதசமம் ஆகியவற்றின் தொகுப்பு எனப் பொருள்படும் நீண்ட பெயருடைய அந்நூலைச் சுருக்கமாகச் சும்மா என வழங்குவர். தொகை என்பது அச்சொல்லின் பொருள்; தமிழில் சும்மா என்பதற்குள்ள பொருளை ஈண்டுக் கொள்ளற்க! அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலை அவர் உர்பினோ நாட்டுக் கோமகனுக்கு உரிமையாக்கினார். செருமானியர் கூட்டன்பர்க்கு அச்சுக்கலையைத் தோற்றுவித்து அரை நூற்றாண்டும் நிறையாத காலம் அது. கற்றோர் இலத்தீனிலேயே எழுதிவந்த அந்நாளில், பாச்சியோலி தம் நூலை நாட்டு மொழியாகிய இத்தாலிய மொழியில் எழுதினார். கடையில் அமர்ந்திருக்கும் கணக்கனும் படித்தறிய வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். அந்நூலின் ஒரு பகுதியாக, கணக்குகளும் பதிவுகளும் பற்றி முப்பத்தாறு இயல்கள் அமைந்துள்ளன. கணக்குப் பதிவியலின் தந்தை என்னும் பெயரை அவர்க்கு ஈட்டித் தந்தவை அவ்வியல்களே.

அவ்வியல்கள் கூறுவது இரட்டைப் பதிவு முறை. அதனைப் பாச்சியோலி கண்டுபிடித்தார் எனச் சிலர் கூறுவது பொருந்தாது. 1340-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஜெனோவா நகராட்சிக் கணக்கேடுகளிலேயே அம்முறை முழுமையாகக் காணப்படுகிறது. வெனிசு நகரத்தார் கையாளும் முறையையே தாம் எழுதுவதாகப் பாச்சியோலியும் ஒளிக்காமல் கூறியுள்ளார். தந்தை மகனுக்கும், முதலாளி கணக்கனுக்கும் கைப்பழக்கமாகவே சொல்லி வந்த ஒரு தொழில் நுட்பத்தை, யாவரும் விலை கொடுத்து வாங்கிப் படிக்கக்கூடிய அச்சு நூலாக முதன்முதல் ஆக்கியதே அவர் செய்த அருஞ்செயலாகும்.

அவர் காட்டும் முறையை இளங்கணக்கன் ஒருவன் முதல் நாள் பணிக்கு வந்தாற்போல் வைத்துக் காண்போம். முதலில் வணிகன் தன் உடைமைகளை எல்லாம் ஒன்று விடாமல் பட்டியலிடல் வேண்டும். ரொக்கம், அணிகலன், ஆடை, வெள்ளிக்கலம், சுக்கு முதலான சரக்கு, வீடு, நிலம், பிறர் தரவேண்டுவது, பிறர்க்குத் தரவேண்டுவது ஆகிய யாவும் அதனுள் அடங்கும். அதன்பின் ஏடுகள் மூன்று. முதலாவது சிட்டை. நாள்தோறும் நடந்தவற்றை நடந்தவாறே அதில் எழுதி வைக்க வேண்டும். முதலாளி இல்லாத வேளையில் பணியாளரும், எழுதத் தெரிந்த இல்லத்துப் பெண்டிரும் அதில் எழுதலாம். இரண்டாவது குறிப்பேடு. சிட்டையில் பலவகை நாணயங்களில் பலர் எழுதியவற்றை ஒரே நாணயமாக்கி, பற்று எது, வரவு எது எனப் பிரித்து, இரண்டிற்கும் இடையே இரு சிறு சாய்கோடுகள் இட்டு இதில் எழுத வேண்டும். மூன்றாவது பேரேடு. ஒவ்வொரு கணக்கிற்கும் தனி இடம் ஒதுக்கி, குறிப்பேட்டுப் பதிவு ஒன்றினைப் பற்றுப் பக்கத்தில் ஒரு முறையும் வரவுப் பக்கத்தில் ஒரு முறையுமாக இரு முறை எழுதுவது இங்கேதான்.

ஒரு வணிகர் நூறு டுக்காட்டுப் பொன் கொடுத்து மிளகு வாங்கினார் என்க. பேரேட்டில் மிளகுக் கணக்கில் நூறு பற்று. ரொக்கக் கணக்கில் நூறு வரவு. அம்மிளகு முழுவதையும் நூற்றிருபது பொன்னுக்கு ரொக்கமாக விற்றார். ரொக்கக் கணக்கில் நூற்றிருபது பற்று. மிளகுக் கணக்கில் நூற்றிருபது வரவு. இப்பொழுது மிளகுக் கணக்கில் வரவு இருபது மிகுந்து நிற்கிறது. அவ்விருபதும் இலாப நட்டக் கணக்கிற்குச் சென்று, முடிவில் வணிகரின் முதல் கணக்கைச் சேரும். எந்தச் சரக்கினால் ஊதியம், எதனால் இழப்பு என்பது இவ்வாறு தனித்தனியே தெளிவாகின்றது. நாள் முடிவில் பையிலுள்ள பொன்னை மட்டும் எண்ணுபவர்க்கு இஃது ஒருகாலும் விளங்காது.

பேரேட்டிலுள்ள பற்றுகளின் மொத்தமும் வரவுகளின் மொத்தமும் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடின் எங்கோ பிழையுண்டு. அப்பிழையைக் காணும் வழியையும் பாச்சியோலி காட்டுகிறார். இருவர் எதிரெதிரே அமர வேண்டும். துணைவர் குறிப்பேட்டைப் படிக்க, முதலாளி பேரேட்டில் அப்பதிவைத் தேடிக் கண்டு புள்ளியிட வேண்டும். புள்ளி பெறாத பதிவே பிழைக்கு இடம். தணிக்கைத் தொழில் புரிவோர் பதிவுகளை ஒப்பிட்டு அடையாளமிடும் வழக்கத்தோடு இதனை ஒப்புநோக்குக. மொத்தம் ஒத்துவிட்டமையாலேயே கணக்கு முற்றும் சரியெனக் கொள்ளல் ஆகாது என்பதையும் ஈண்டுச் சொல்லி வைத்தல் நலம். முத்துவின் கணக்கில் எழுதற்குரிய பற்றை மாணிக்கத்தின் கணக்கில் எழுதினாலும் மொத்தம் ஒத்தே நிற்கும்.

வணிகருள் சிலர் இரு தொகுதி ஏடுகள் வைத்துக்கொண்டு, வாங்குவோர்க்கு ஒன்றும் விற்போர்க்கு மற்றொன்றும் காட்டி ஏய்த்தமையை அவர் அறிந்திருந்தார். அதனை வன்மையாகக் கடிந்தார். ஏடுகளைப் பயன்படுத்தத் தொடங்குமுன்னரே, வணிகக் கணக்குகளைப் பார்க்கும் அரசு அலுவலரிடம் கொண்டுசென்று, பக்க எண்ணையும் எழுதுவோர் பெயரையும் பதிந்து முத்திரை பெற வேண்டுமென அறிவுறுத்தினார். வந்த மடல்களைத் திங்கள்தோறும் கட்டுக்கட்டாகக் கட்டிவைக்கும் முறையைக்கூட அவர் விட்டாரல்லர். கற்றோர் சிறுபணி எனத் தள்ளியவற்றை எல்லாம் ஒரு துறவி இவ்வளவு பொறுமையோடு எழுதியிருத்தலைக் காணுந்தோறும் வியப்பு உண்டாகிறது.

நூல் வெளிவந்தவுடன் அவர் புகழ் பரவியது. மிலான் நகரக் கோமகனாகிய லுடோவிக்கோ ஸ்போர்சாவின் அழைப்பிற்கிணங்கி, அவர் அங்குச் சென்று கணிதம் கற்பித்தார். அவ்வரசவையில் ஓவியர் லியனார்டோ டா வின்சி இருந்தார். அவர் முன்னரே பாச்சியோலியின் பெருநூலை விலை கொடுத்து வாங்கி, அவ்விலையைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தவர். இருவரும் உற்ற நண்பராயினர். பாச்சியோலி கணிதம் சொல்ல லியனார்டோ கேட்டார். பாச்சியோலி தெய்வ விகிதம் பற்றி எழுதிய நூலுக்கு லியனார்டோ பல்முக வடிவங்களை எழிலுற வரைந்து கொடுத்தார். 1499-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படை மிலானைக் கைப்பற்றவே, நண்பர் இருவரும் அந்நகரை நீங்கி, மாந்துவா வழியாகப் பிளாரன்சு நகரை அடைந்தனர். பின்னும் சில ஆண்டுகள் பாச்சியோலி பல நகரங்களில் கற்பித்துவந்தார்.

1508-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெனிசு நகரத்துப் புனித பார்த்தலோமியோ கோயிலில் யூக்ளிடு நூலைப் பற்றி அவர் ஒரு சொற்பொழிவாற்றினார். ஐந்நூற்றுவர் அளவில் திரண்ட அவ்வவையில் தூதுவரும் அறிஞரும் நகரப் பெருமக்களும் வீற்றிருந்தனர். நாற்பதாண்டுகட்கு முன் அதே நகரில் ஒரு வணிகர் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்குக் கணக்குச் சொன்ன இளைஞரே அன்று மேடையேறி நின்றவர்! மறு ஆண்டில் தெய்வ விகித நூல் அச்சில் வெளிவந்தது.

அந்நூலே அவர் பெயருக்கு ஒரு மாசும் சேர்த்தது. அவர் ஊரிலேயே பிறந்த ஓவியப் பெரியார் பியரோ தெல்லா பிரான்செஸ்கா, கணிதத்திலும் வல்லவர். 1492-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். ஐந்து ஒழுங்குத் திண்மங்களைப் பற்றி அவர் இலத்தீனில் எழுதிய நூலை இத்தாலிய மொழியில் பெயர்த்து, அவர் பெயரைச் சுட்டாமலே பாச்சியோலி தம் நூலின் இறுதிப் பகுதியாகச் சேர்த்திருந்தார். 1550-ஆம் ஆண்டில் ஓவியர்களின் வரலாறு எழுதிய வசாரி என்பவர், பாச்சியோலி பிறர் உழைப்பைத் தமதாக்கிக்கொண்டார் எனக் கடுமையாகப் பழித்தார். முந்திய பெருநூலில் பியரோவைப் பெரிதும் போற்றி எழுதியவரும் பாச்சியோலியே. பிறர் நூற்பொருளை எடுத்தாளுதல் அந்நாளில் பரவலாக இருந்த வழக்கமுமாம். இவற்றை எண்ணிச் சிலர் அவர்க்குப் பரிந்து பேசுவர். யாம் அங்ஙனம் பேசத் துணியோம். எந்தப் பொருள் எவரிடமிருந்து வந்தது என்பதை ஒவ்வொரு பதிவிலும் எழுதுக என உலகிற்குக் கற்பித்தவர், பியரோவின் கணக்கில் வைக்க வேண்டிய வரவை வையாது விட்டார். கணக்குப் பதிவில் வெனிசு நகரத்தார்க்கு உரியதை அவர்க்கே உரியதெனக் கூறிய நேர்மை, இங்கும் இருந்திருக்கலாம்.

முதுமையில் மீண்டும் பெருஜியாவில் கற்பித்தார். 1514-ஆம் ஆண்டில் திருத்தந்தை பத்தாம் லியோ அவரை உரோமை நகரில் கற்பிக்க அழைத்தார். 1517-ஆம் ஆண்டில், எழுபது வயதளவில், பாச்சியோலி இயற்கை எய்தினார்.

அவர் மறைந்தபின் 1523-ஆம் ஆண்டில் பெருநூல் மீண்டும் அச்சிடப்பட்டது. 1543-ஆம் ஆண்டில் ஆன்ட்வெர்ப்பு நகரில் யான் இம்பின் என்பவரின் கணக்குப் பதிவு நூல் வெளிவந்தது. அதனை எழுதிய இம்பின் முன்னரே இறந்துவிட, அவர்தம் மனைவியார் அச்சேற்றி வெளியிட்டார். அதே ஆண்டில் இலண்டனில் ஹியூ ஓல்டுகாசில் என்னும் ஆசிரியர் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். இரண்டிற்கும் ஊற்று பாச்சியோலியின் முப்பத்தாறு இயல்களே. வெனிசு நகரத்துக் கணக்கர் கைமுறை இவ்வாறு மேலைநாட்டு வணிகர் யாவர்க்கும் உரியதாயிற்று.

நேப்பிள்சு நகரின் கபோதிமோந்தே காட்சிச்சாலையில் பாச்சியோலியின் ஓவியம் ஒன்று உள்ளது. 1495-ஆம் ஆண்டில் தீட்டப்பெற்றதாகக் கருதப்படும் அதில் அவர் துறவுடையில் நிற்கிறார். ஒரு கை விரிந்த நூலின்மேல் படிந்திருக்க, மறு கையிலுள்ள கோல் பலகையில் வரைந்த வடிவத்தைச் சுட்டுகிறது. ஒருபால் கண்ணாடியாலாகிய பல்முக வடிவம் ஒன்று, பாதி நீர் நிரம்பி, நூலில் தொங்குகிறது. மற்றொருபால் சிவந்த அட்டையிட்ட பருத்த நூல் ஒன்று மூடியவாறு கிடக்கிறது. அது அவர்தம் பெருநூல் என்பர். அவர்க்குப் பின்னே, விலையுயர்ந்த ஆடையணிந்த இளைஞர் ஒருவர் நிற்கிறார். அவர் யாவர் என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆசிரியரின் கண் பாடத்தின்மேல் இருக்கிறது. அவ்விளைஞரின் கண்ணோ, ஓவியத்தின் முன் வந்து நிற்கும் நம்மை நேரே நோக்குகிறது.